குடை எடுக்காத சந்தேகம்

சந்தேகமாம். அந்த நெட்டை வெள்ளைக்காரனுக்குத் தன்மேல் சந்தேகமாம். பான் மெய்ஜுவானுக்குக் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை அப்படியே ஒலிபெருக்கிமேல் விட்டெறியலாம் போல வந்தது.

வியாழக்கிழமை மதியம். கேன்டீனில் முந்நூறு பேர் சோறும் மூங்கில்குருத்துமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் அந்த நேரத்தில்தான் ஃபிளாஸ்க் தொழிற்சாலையின் அறிவிப்புகளை வாசிப்பார்கள். அன்றைக்கு வாசித்தவன் மொழிபெயர்ப்பாளன் லூ ஜியான்போ. ஆறாம் நிலை ஆங்கிலப் பரீட்சை பாஸ் செய்தவன் என்று அவனுக்குத் தனி மேசை, தனி மின்விசிறி. "சோதனைத் தாள்களைப் பான் மெய்ஜுவான் பொய்யாக நிரப்பினார் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் சந்தேகப்படுகிறார். எனவே அவர் சனிக்கிழமையுடன் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்" என்று நிறுத்தி நிதானமாக இரண்டு முறை வாசித்தான். யாருக்காவது முதல் தடவை காதில் விழாமல் போயிருந்தால் பாவம் என்று நினைத்தான் போலிருக்கிறது.

பதினோரு வருஷம் அவள் அந்தச் சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஃபிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி, மூடியை இறுக்கி, நீலத்தாள்மேல் படுக்க வைப்பாள். நீலம் கறுத்தால் கசிவு. கறுக்காவிட்டால் சோதனைத் தாளில் ஒரு சரி. அவள் போட்ட ஒரு சரியைக்கூட இதுவரை எவனும் தப்பு என்று சொன்னதில்லை. பக்கத்து மேசை சுன்ஃபாங் அத்தனை வருஷமும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊறுகாயைப் பங்குபோட்டுச் சாப்பிட்டவள். அறிவிப்பு முடிந்ததும் அந்தச் சுன்ஃபாங் தன் தட்டையும் புது ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். வெள்ளைக்காரர்கள் சும்மா எதையும் எழுத மாட்டார்கள் அக்கா என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மெய்ஜுவான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மேனேஜர் திங்கின் அறைக்குப் போனாள். அவர் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். மேசைமேல் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது. தாள்களைப் பொய்யாக நிரப்பியதை ஒப்புக்கொள்கிறேன், வாடிக்கையாளருக்குப் போன ஃபிளாஸ்க் கசிந்ததற்கு நானே பொறுப்பு, இப்படிக்கு என்று போட்டு, கீழே சிவப்பு மையில் கட்டைவிரல் வைக்க ஒரு சதுரம். சனிக்கிழமை மதியத்துக்குள் கைரேகை வைத்துவிட்டால் சத்தமில்லாமல் போகலாம். வைக்காவிட்டால் இந்த ஊரில் இருக்கிற பதினேழு ஃபிளாஸ்க் தொழிற்சாலைக்கும் அவள் பேர் போகும், எவனும் வாசலில்கூட நிற்கவிடமாட்டான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பல் டாக்டர் ஊசி போடுவதற்கு முன்னால் பேசுவது மாதிரி இதமாகச் சொன்னார்.

வசந்த விழாப் புத்தாண்டுக்குப் பிறகு வந்த, மூடிக்குள் போடுகிற புது ரப்பர் வளையங்களைப் பற்றி அவள் கேட்டாள். அந்த வளையங்களை வேறு புது இடத்தில் வாங்கியவர் அவர்தான். முதல் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது சொதசொதவென்று இருக்கிறது, நாலு தடவை கொதிநீர் பட்டால் தளர்ந்துவிடும் என்று அவரிடமே போய்ச் சொன்னவள் அவள். சோதனையில் முதல் தடவை கசியாது, அதனால் சரி போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனாலும் ஒவ்வொரு தாளிலும் குறிப்புக் கட்டத்தில் 'புது வளையம் இறுக்கமில்லை' என்று எழுதிவைத்தாள். அந்தத் தாள்களைத்தான் இப்போது பொய் என்கிறார்கள்.

"நானா சொல்றேன்?" என்றார் மேனேஜர் திங். "உன் பக்கத்துல ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்த ஆளே சொல்றான். இங்கிலீஷ் கடிதத்தையும் பலகையில ஒட்டச் சொல்லியிருக்கேன். போய்ப் பாரு."

அதில்தான் அவளுக்கு வயிறெரிந்தது. அந்த ஆளை அவள் மறக்கவில்லை. பெர்ரி என்று பேர். போன மாதம் வாடிக்கையாளர் சார்பாகச் சோதனைக்கு வந்து, மடக்கமுடியாத காலை மடக்கி அவள் பக்கத்தில் சின்ன முக்காலியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அவள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்கிறேன் என்று கொதிநீரை விரல்மேல் ஊற்றிக்கொண்டார். அவள்தான் ஓடிப்போய்ப் பற்பசை எடுத்துவந்து தடவிவிட்டாள். மதியம் தன் டப்பாவிலிருந்து உப்புக்கீரை வைத்த ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். புரியாத மொழியில் புகழ்ந்துகொண்டே இரண்டு தின்றார். போகும்போது நாலு ஃபிளாஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். தின்ற வாயால் இப்படியா எழுதுவான் ஒரு மனுஷன்?

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். மேலே ஆங்கிலக் கடிதம், நாலைந்து வரிதான். அதற்குக் கீழே ஜியான்போவின் மொழிபெயர்ப்பு. அவளைப் பற்றிய வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அதற்கடுத்த வரி சாதாரண எழுத்தில், புது வளையங்களையும் மறுபடி பார்க்கவும் என்று ஒண்டிக்கொண்டிருந்தது. அவள் நடுநிலைப் பள்ளியில் இரண்டு வருஷம் ஆங்கிலம் படித்தவள். இருபத்தாறு எழுத்தும் தெரியும், அவ்வளவுதான். பையில் கிடந்த உத்தரவாத அட்டையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் அந்த இரண்டு வரியையும் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினாள். காவலாளி வந்து இதையெல்லாம் நகலெடுக்கக் கூடாது என்றான். எல்லாரும் பார்க்கத்தானே ஒட்டியிருக்கிறீர்கள், நான் கையால் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசிப் புள்ளிவரைக்கும் எழுதி முடித்தாள்.

வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக் கடைக்காரரின் மகளிடம் அகராதி இருந்தது. இரவல் வாங்கி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துத் தேடினாள். மழைக்காலம், அகராதியின் பக்கங்கள் நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. 'டவுட்' என்ற சொல் கிடைத்தது. அதற்கு எதிரில் ஒரே ஒரு பொருள், சந்தேகம். அகராதியும் சேர்ந்துகொண்டு கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அகராதியை டப்பென்று மூடினாள். லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்த புருஷன் போன் செய்தபோது, ஊருக்கு ஊர் அந்த வெள்ளைக்காரனைத் திட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆனால் படுத்த பிறகும் அந்த இரண்டாவது வரி விடவில்லை. என்மேல் சந்தேகம் என்றால் வளையத்தை ஏன் பார்க்கச் சொல்கிறான்? நான்தான் திருடி என்றால் பூட்டை ஏன் பரிசோதிக்க வேண்டும்? இதை ஜியான்போவிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவளிடமே கேட்பது என்று முடிவு செய்தாள். யார் என்று தேட வேண்டியதில்லை. கடைவீதியில் சைக்கிள் கடைக்கு மாடியில் ஷியாங் டீச்சரின் ஆங்கில வகுப்பு. படிக்கட்டு முகப்பில் ஜியான்போவின் படம் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. பட்டமளிப்புத் தொப்பியோடு அவன் சிரிக்கிற சிரிப்பு பேருந்து நிலையம்வரை தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். ஷியாங் டீச்சருக்கு அவள் வயதுதான் இருக்கும். ஒல்லியான, முகத்தில் எப்போதும் பென்சில் கூராக்குகிற கவனம் உள்ள பெண். வகுப்பு தொடங்க இன்னும் நேரமிருந்தது. நகல் எடுத்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மெய்ஜுவான் விஷயத்தைச் சொல்லவில்லை. பேரையும் சொல்லவில்லை. அட்டையை மட்டும் நீட்டி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். டீச்சர் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லபடியாத்தானே எழுதியிருக்கான்? பான் அம்மா பொய்யா நிரப்பியிருப்பாங்கன்னு தோணலை, வளையத்தைப் பாருங்கன்னு. யாரு இந்தப் பான் அம்மா?"

மெய்ஜுவான் ஒவ்வொரு சொல்லாக, பலகையில் எழுதியிருப்பதைச் சொன்னாள். சந்தேகப்படுகிறார் என்று போட்டிருக்கிறது. அகராதியும் சந்தேகம் என்றுதான் சொல்கிறது. நான்தான் அந்தப் பான்.

டீச்சர் அட்டையை மறுபடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எந்தக் கழுதை இப்படி மொழிபெயர்த்தது என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். தூறிக்கொண்டிருந்தது.

"நம்ம மொழியில இந்தச் சொல்லு ரெண்டு பக்கமும் வெட்டும்மா. 'மழை வரும்னு சந்தேகமா இருக்கு'ன்னாலும் சந்தேகம். 'மழை வருமாங்கறதே சந்தேகம்'னாலும் சந்தேகம். மொதல் ஆள் குடையை எடுத்துக்கிட்டுப் போவான். ரெண்டாவது ஆள் குடையை வீட்டுல வெச்சுட்டுப் போவான். இங்கிலீஷ்காரன் அதுக்கு ரெண்டு சொல்லு வெச்சிருக்கான். குடை எடுக்கறவன் சொல்றது சஸ்பெக்ட். எடுக்காதவன் சொல்றது டவுட்."

"இந்த ஆள் குடை எடுத்தானா, எடுக்கலையா?"

"எடுக்கலை. நீங்க செஞ்சிருப்பீங்கன்னு அவன் நம்பவே இல்லை. உங்க பக்கம் நின்னு எழுதியிருக்கான்."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. இரண்டு நாளாக அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருக்கிறாள். அவர் அங்கே உட்கார்ந்து அவளுக்காக வக்காலத்து வாங்கி எழுதியிருக்கிறார். அதை ஒரு தொப்பிக்காரப் பயல் தலைகீழாகப் புரட்டி முந்நூறு பேர் சாப்பாட்டுக்கு நடுவில் வாசித்திருக்கிறான். அவன் தெரிந்து செய்திருந்தாலாவது பொறுக்கலாம். தெரியாமல், இரண்டு தடவை, நிறுத்தி நிதானமாக.

அப்போதுதான் டீச்சர் அடுக்கிக்கொண்டிருந்த தாள்கள் அவள் கண்ணில் பட்டன. இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் பொருள், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். தாளுக்கு அறுபது சொல். எழுத்து வரிசையில்தான் இருந்தன. விரலை வைத்துத் தேடினாள். டவுட், சந்தேகம். இன்னொரு தாள். சஸ்பெக்ட், சந்தேகம். இரண்டு தாளையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கீழே ஷியாங் ஆங்கில வகுப்பு என்று அச்சடித்திருந்தது.

மொழிபெயர்த்தது உங்கள் ஜியான்போதான், இது நீங்கள் எழுதியதா என்று கேட்டாள். டீச்சர் தலையாட்டினாள். பன்னிரண்டு வருஷமாக இதே தாள்தான். ஜியான்போ இதைத்தான் மனப்பாடம் செய்தான், நூற்றுக்கு நூறு வாங்கினான்.

"உங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியுதே. அப்புறம் ஏன் இப்படிப் போட்டீங்க?"

"பரீட்சைக்கு இது போதும்மா."

"பரீட்சைக்குப் போதும். எனக்குப் போதலையே டீச்சர்."

டீச்சரின் முகம் சிவந்தது. ஒரு சீட்டில் சரியான மொழிபெயர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றாள். சீட்டைக் காட்டினால் மேனேஜர் மூக்கைத் துடைத்துப் போட்டுவிடுவார், நீங்களே வாருங்கள் என்றாள் மெய்ஜுவான். சனிக்கிழமை காலை இரண்டு வகுப்பு இருக்கிறது, நாற்பது பிள்ளைகள், முடியாது என்றாள் டீச்சர். கொஞ்சம் தயங்கி, உண்மையையும் சொன்னாள். ஜியான்போவின் படத்தைப் பார்த்துத்தான் பெற்றோர்கள் படியேறுகிறார்கள். அவனுக்கு ஒரு சொல் தெரியவில்லை என்று நானே போய்ச் சொன்னால் யார் வருவார்கள்?

மெய்ஜுவானுக்கு மூக்குக்கு மேல் வந்தது. ஒரு சொல்லால் எனக்குப் பதினோரு வருஷம் போகிறது, உங்களுக்கு நாற்பது பிள்ளைகள் போனால் என்ன என்று கேட்டாள். அந்த இரண்டு தாள்களையும் மடித்துப் பையில் வைத்தாள். "நாளைக்குக் காலையில உங்க படிக்கட்டுல நிப்பேன். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வர்ற ஒவ்வொரு அம்மாகிட்டயும் இந்த ரெண்டு தாளையும் காட்டி, இதுல எதுக்குக் குடை எடுக்கணும்னு கேப்பேன். எத்தனை பேரு மேல ஏறி வர்றாங்கன்னு நீங்களும் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

மெய்ஜுவான் படிக்கட்டில் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை பத்தரைக்குத் தொழிற்சாலை வாசலில் டீச்சர் நின்றிருந்தாள். வகுப்பை ரத்து செய்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. மெய்ஜுவான் நன்றி சொல்லவில்லை. டீச்சரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. இருவரும் மழையில் முற்றத்தைக் கடந்து மாடிக்குப் போனார்கள்.

மேனேஜர் திங் சிவப்பு மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். டீச்சரைக் கண்டதும் ஜியான்போ நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் காது வெளுத்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. தன் அகராதியைப் புரட்டிக் காட்டினான், போனை எடுத்து அந்த வாக்கியத்தையும் போட்டுக் காட்டினான். போனும் சந்தேகப்படுகிறோம் என்றுதான் சொன்னது. மேனேஜர் சிரித்தார். போன், அகராதி, பரீட்சை பாஸ் செய்த பையன், மூன்று சாட்சி போதாதா என்றார்.

டீச்சர் போனைப் பார்க்கவே இல்லை. பழைய வகுப்பில் கேட்பது மாதிரி அவனைக் கேட்டாள்.

"ஒருத்தன் 'ஐ டவுட் இட் வில் ரெயின்'னு இங்கிலீஷ்ல சொல்றான். அவன் குடை எடுப்பானா, மாட்டானா?"

"எடுப்பான் டீச்சர்."

"தப்பு."

"எப்படித் தப்பாகும்? நீங்க கொடுத்த தாள்லயே..."

"என் தாள் தப்புடா" என்றாள் டீச்சர். குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "பன்னண்டு வருஷமா தப்பு. உனக்கு நூத்துக்கு நூறு போட்டதும் தப்பு. இந்தம்மா அப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்கன்னு அந்த ஆள் எழுதியிருக்கான். நீ கழுத்தை அறுத்து வெச்சிருக்கே."

ஜியான்போ உட்கார்ந்துவிட்டான். இருபத்துநாலு வயதுப் பையன், அந்த ஒரு நிமிஷத்தில் பதிமூன்று வயது ஆகிவிட்டான். மெய்ஜுவானுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. அவள் மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் ஆச்சரியம் துளிகூட இல்லை. அந்த ஒரு வரி செல்லாது என்றால், அடுத்த வரியில் இருக்கிற வளையம் யார் தலையில் விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆளிடமே கேட்டுவிடுவோம், டீச்சரே எழுதட்டும் என்றாள் மெய்ஜுவான். வாடிக்கையாளரை இப்படித் தொந்தரவு செய்ய முடியாது என்றார் அவர். பிறகு பெருந்தன்மையாக, சரி, ஏதோ மொழிக் குழப்பம், இன்றைக்கே மாற்றி அறிவித்துவிடலாம் என்று பேனாவை எடுத்து அவரே எழுதினார். எழுதியதை டீச்சரிடம் நீட்டி, இப்போது மொழிபெயர்ப்பு சரிதானே என்று கேட்டார். 'பான் மெய்ஜுவான் சோதனைத் தாள்களைப் பொய்யாக நிரப்பிய விவகாரம் குறித்து வெளிநாட்டு வாடிக்கையாளர் சந்தேகம் தெரிவித்துள்ளார்.'

டீச்சர் படித்தாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்தாள். தப்பு என்று சொல்ல முடியவில்லை. அந்தச் சொல் இரண்டு பக்கமும் வெட்டும் என்று சொன்னவள் அவளேதான். வெள்ளைக்காரர் எழுதியதை இப்படியும் சொல்லலாம். கேட்கிறவன் பழையபடியேதான் எடுத்துக்கொள்வான். மேனேஜருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தன் மொழி நன்றாகவே தெரிந்திருந்தது.

"படிச்ச பொம்பளைங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். "மெய்ஜுவான், நீ கைரேகையை வெச்சுட்டுக் கிளம்பு. மணி பன்னண்டாகப் போகுது."

ஜியான்போவை அறிவிப்பு வாசிக்கச் சொன்னார். ஒலிபெருக்கியின் மைக் அதே அறையின் மூலையில்தான் இருந்தது. அவன் தாளை எடுத்துக்கொண்டு போய் விசையைத் தட்டினான். கீழே கேன்டீனில் தட்டுகள் மோதுகிற சத்தம் ஜன்னல்வழியாகக் கேட்டது. பான் மெய்ஜுவான் என்று தொடங்கினான். பொய்யாக நிரப்பிய விவகாரம் என்பதுவரை வந்தான். அதற்கப்புறம் அவன் வாய் நகரவில்லை. டீச்சரைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். மைக்கை விட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான்.

மெய்ஜுவான் ஒப்புதல் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மைக்குக்குப் போனாள். மேனேஜர் மேசையைச் சுற்றி வருவதற்குள் டீச்சர் தன் ஒல்லி உடம்போடு குறுக்கே போய் நின்றாள்.

"நான் பான் மெய்ஜுவான் பேசறேன்" என்றாள். அவள் குரலே கீழே கேன்டீனிலிருந்து அவளுக்குத் திரும்பி வந்தது. "அந்த வெள்ளைக்காரரு எழுதினது, நான் செஞ்சிருக்க மாட்டேன்னு. இங்க வாசிச்சது, நான் செஞ்சேன்னு. மொழிபெயர்ப்பு தப்பு. நீங்க நம்பவேண்டாம். சந்தேகங்கற அந்தச் சொல்லே இனிமே வேண்டாம். டிராகன் படகுத் திருநாளுக்கு நமக்கெல்லாம் கொடுத்தாங்களே ஃபிளாஸ்க், அது புது வளையம் போட்டது. எல்லாரும் தினமும் வெந்நீர் ஊத்தறீங்க. இப்ப மூடியை நல்லா இறுக்கி, மேசைமேல படுக்க வைங்க. ஒரு நிமிஷம் பாருங்க. அவ்வளவுதான்."

விசையை அவளே அணைத்தாள். மேனேஜர் என்னென்னவோ கத்தினார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. படியிறங்கி, முற்றத்து மழையில் நனைந்துகொண்டே கேன்டீனுக்குள் போனாள்.

சில மேசைகளில் ஃபிளாஸ்க்குகள் படுத்திருந்தன. சிலர் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று வரிசையாகக் கிடந்தவற்றின் வாயிலிருந்து முதலில் ஒன்றுமே வரவில்லை. அவளே குனிந்து ஒரு மூடியை உற்றுப் பார்த்தாள். பிறகு பாலிஷ் பிரிவுக்காரர்களின் மேசையில் யாரோ அடச்சே என்றார்கள். தண்ணீர் மூடியைச் சுற்றி மணி மணியாகக் கோத்து, மேசை விளிம்புவரை ஓடி, ஒருவனின் மடியில் சொட்டியது. அதற்கடுத்த மேசை. அதற்கடுத்தது. சோற்றுத் தட்டுகளை எல்லாரும் தூக்கிப் பிடித்தார்கள். முந்நூறு பேரும் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறார்கள். கசிவு என்றால் என்ன என்று ஒருவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுன்ஃபாங் தன் பையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். பையின் அடிப்பாகம் பத்து நாளாகவே ஈரக்கறை படிந்திருந்தது.

"நான் மழைன்னு நெனைச்சேன் அக்கா" என்றாள்.

"நெனைச்சே. என்னைக் கேட்டியா?"

சுன்ஃபாங்குக்கு அழுகை வந்தது. உட்கார இடம்விட்டு நகர்ந்தாள். மெய்ஜுவான் உட்காரவில்லை. கையில் மடித்துவைத்திருந்த ஒப்புதல் கடிதத்தைப் பிரித்து, நீலத்தாளை விரிக்கிற அதே கவனத்தோடு மேசைமேல் சுருக்கமில்லாமல் விரித்தாள். சுன்ஃபாங்கின் ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியை இறுக்கி, கைரேகைச் சதுரத்துக்கு நேராக வாய் வருகிற மாதிரி அதன்மேல் படுக்க வைத்தாள். ஈரம் சதுரத்தில் தொடங்கி, நானே பொறுப்பு என்ற வரிவரைக்கும் ஊறிக்கொண்டு போனது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

மேனேஜர் திங் அப்போதுதான் முற்றத்தைக் கடந்து உள்ளே ஓடிவந்தார். தரையில் ஓடிய தண்ணீரில் காலை வைத்துத் தடுமாறி நின்றார். மெய்ஜுவான் ஃபிளாஸ்க்கை எடுத்துவிட்டு, நனைந்த கடிதத்தை இரண்டு கைகளாலும் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இதுல இப்ப யாரு கைரேகை வைக்கணும், மேனேஜர்?"

மழைக்குப் பிடித்துவந்த குடை அவர் கையில் விரிந்தபடியே இருந்தது. கூரைக்குக் கீழே வந்த பிறகும் அதை மடக்க அவருக்குத் தோன்றவில்லை.